வேகன் ஆர்: கம்பெனி செட்டை மாற்றாமல் சப் வூஃபர் போடுவது எப்படி?

கொட்டகலை_660 கேட்டது:

வண்டி 2015 சுசுகி வேகன் ஆர் எஃப்இசட், எஸ்-எனே சார்ஜ் மாடல். ஜப்பானிலிருந்து வந்த சிடி செட் அப்படியே இருக்கிறது. டேஷ்போர்டின் வளைவோடு சேர்த்து வார்த்த மாதிரி முகப்பு என்பதால் அதைக் கழற்றி ஆண்ட்ராய்ட் செட் போட மனமில்லை. முன் கதவுகளில் இரண்டு, பின் கதவுகளில் இரண்டு ஸ்பீக்கர். குரல், வயலின், புல்லாங்குழல் எல்லாம் பரவாயில்லை. தவிலும் பேஸ் கிட்டாரும்தான் காணாமல் போகின்றன. சத்தம் கூட்டினால் கதவு அட்டை படபடக்கிறதே தவிர அடி இறங்கவில்லை.

பக்கத்து லயத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி அதிர வேண்டாம். வண்டிக்குள் பாட்டு முழுசாகக் கேட்டால் போதும். செட்டின் பின்னால் ஆர்சிஏ ஓட்டை (அம்புக்கு சிக்னல் கொடுக்கும் சொக்கட்) எதுவும் இல்லை. கடையில் கேட்டதற்கு, "இடது முன் சீட்டுக்குக் கீழே அண்டர் சீட் சப் (அம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர், உள்ளேயே உள்ள தட்டை சப்) ஒன்று வைத்து, கதவு ஸ்பீக்கர் வயரில் கொக்கி போட்டு எடுத்து விடலாம், இரண்டு மணி நேர வேலை" என்றார்கள். இன்னொருவர் டிக்கியில் 10 இன்ச் பெட்டி போடச் சொல்கிறார். எது சரி? சிக்னல் எப்படி எடுப்பது? இந்தச் சின்ன பெட்டரி தாங்குமா? ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஏற்றத்தில் தினமும் ஓடும் வண்டி. மழை, மூடுபனி, ஈரம் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

நானுஓயா_12வோல்ட்:

முதலில் அந்த இடது சீட்டை மறந்து விடுங்கள். இந்த மாடலில் லித்தியம் அயன் பெட்டரி இருப்பதே இடது முன் சீட்டுக்குக் கீழேதான். பொனட்டுக்குள் இருப்பது வழக்கமான ஈய பெட்டரி. இறக்கத்தில் கால் எடுக்கும்போது வரும் கரண்டைப் பிடித்து வைப்பது சீட்டுக்கடியில் உள்ளது. அதற்குக் காற்று போய் வர வேண்டும். அதன்மேல் சூடாகும் அம்ப் ஒன்றை அமுக்கி வைத்து, நாலு ஸ்குரூ ஏற்றுவது வேலை தெரிந்தவர் செய்கிற வேலை இல்லை. "எல்லா வேகன் ஆருக்கும் அங்கேதான் போடுவோம்" என்பார்கள். எனே சார்ஜ் இல்லாத பழைய மாடலுக்கு அது பொருந்தும், உங்களுடையதற்குப் பொருந்தாது.

அப்படியானால் மிச்சம் சாரதி சீட். அண்டர் சீட் சப் பெரும்பாலும் 7 முதல் 8 செ.மீ. உயரம் வரும். சீட்டைக் கடைசி வரை முன்னால் தள்ளி ஒரு முறை, பின்னால் இழுத்து ஒரு முறை அளந்து பாருங்கள். அளக்கும்போது சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஸ்பிரிங் ஓரிரு செ.மீ. கீழே இறங்கும். சீட்டுக்கடியில் பின்பக்க ஹீட்டர் டக்ட் உள்ள வண்டியா என்றும் பாருங்கள். அந்தச் சூடான காற்று நேராக அம்பில் அடித்தால், குளிருக்கு ஹீட்டர் போட்ட அரை மணியில் சப் தானாக நின்றுவிடும். ஆறியதும் திரும்ப வரும். எங்கே லூஸ் என்று வயரைத் தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

சாரதி சீட்டுக்குக் கீழே வைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. வெல்க்ரோ பட்டியை மட்டும் நம்பி வைக்கவே கூடாது. நம் ரோட்டில் இறக்கத்தில் பிரேக் பிடித்தால் அது முன்னால் வழுக்கும், முன்னால் இருப்பது பிரேக் பெடல். கூடவே வரும் தகட்டு பிரெக்கட்டை சீட் பிரேமோடு இறுக்கி, குறுக்கே ஒரு பட்டியும் போடுங்கள். கையால் முழுப் பலத்தோடு முன்பக்கம் இழுத்தும் அசையாவிட்டால்தான் பொருத்தினதாகக் கணக்கு.

இனி 8 இன்ச் போதுமா என்ற கேள்வி. உங்கள் தேவைக்குப் போதும். காரணம் வண்டியின் அளவுதான். கேபினின் உள்நீளம் இரண்டே கால் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒலி விநாடிக்கு 343 மீட்டர் ஓடுகிறது. அரை அலை கேபின் நீளத்துக்குச் சமமாகும் இடம் 343 ÷ 4.5, சுமார் 76 ஹேர்ட்ஸ். அதற்குக் கீழே ஒலி அங்குமிங்கும் ஓடும் அலையாக இருக்காது, கேபின் முழுவதும் ஒரே அமுக்கமாக ஏறி இறங்கும். கீழே போகப் போக வண்டியே பேஸைத் தூக்கிக் கொடுக்கும். அதனால்தான் வீட்டு ஹாலில் ஒன்றுக்கும் உதவாத சின்ன சப், கேய் காரில் (ஜப்பானின் 660 சிசி சின்ன வண்டி) ஆளை அசத்துகிறது. ஆனால் 40 ஹேர்ட்ஸுக்குக் கீழே அண்டர் சீட் சப்பிடம் எதிர்பார்க்காதீர்கள். கண்ணாடியை இறக்கினால் அந்த இலவச பேஸும் ஓடிவிடும், அது சப்பின் குற்றமில்லை.

டப்பாவில் "1200 வாட்" என்று எழுதியிருப்பதை யாரும் நம்ப வேண்டாம். பின்பக்கம் உள்ள பியூஸைப் பாருங்கள். 15 அம்பியர் பியூஸ் என்றால் 15 × 13.8 = 207 வாட் உள்ளே போகலாம். கிளாஸ் டி அம்ப் அதில் ஐந்தில் நாலு பங்கை வெளியே தரும், சுமார் 165 வாட். உச்சக் கணக்கு இவ்வளவுதான், நிஜத்தில் இதற்கும் குறைவு. உங்கள் வண்டிக்கு அது தாராளம்.

சிக்னல் விஷயத்துக்கு வருவோம். ஆர்சிஏ இல்லாவிட்டால் பரவாயில்லை, ஹை லெவல் இன்புட் உள்ள சப்பாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் வயரிலிருந்தே அது சிக்னலை எடுத்துக்கொள்ளும். இதில் பலர் சுட்டுக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. செட்டிலிருந்து வரும் ஸ்பீக்கர் மைனஸ், பொடி எர்த் (வண்டி இரும்பு) அல்ல. செட்டை ஓன் செய்து, மல்டிமீட்டரை டிசியில் வைத்து, கறுப்பு முனையை வண்டி இரும்பிலும் சிவப்பு முனையை ஸ்பீக்கர் வயரிலும் வைத்துப் பாருங்கள். பிளஸ், மைனஸ் இரண்டிலுமே 6 வோல்ட் சுற்று காட்டும். இரண்டு வயரையும் அம்ப் தள்ளி இழுப்பதால் அப்படி. அந்த மைனஸை எர்த்தில் கட்டினால் செட்டின் அவுட்புட் ஐசி போய்விடும். சில அண்டர் சீட் சப் இந்த 6 வோல்ட்டைக் கண்டே தானாக ஓன் ஆகும், தனி ரிமோட் வயர் (சப்பை ஓன் செய்யச் சொல்லும் வயர்) வேண்டியதில்லை.

வயரின் நிறத்தை இணையத்தில் பார்த்துக் கட்டாதீர்கள். செட்டின் பின்னால் உள்ள 20 பின் சொக்கட்டைக் கழற்றி, சாதாரண 1.5 வோல்ட் டோர்ச் பெட்டரியை ஒவ்வொரு ஜோடி வயரிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். எந்தக் கதவில் "டப்" என்கிறதோ அந்த ஜோடி அந்தக் கதவுக்கு. ஸ்பீக்கர் வலை வழியாகக் கோன் தெரிந்தால், பெட்டரியின் பிளஸ் பட்டபோது கோன் வெளியே வந்தால் அந்த வயர் பிளஸ். செட் சொருகியிருக்கும்போது இதைச் செய்யக் கூடாது. வண்டியின் வயரை வெட்டவும் வேண்டாம். சுசுகி 20 பின் ஆண், பெண் சொக்கட் சேர்ந்த இடை வயர் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் பஞ்சிகாவத்தையிலும் கேட்டால் கிடைக்கும். வெட்டுவதென்றால் அதை வெட்டுங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது உருவி எடுத்தால் பழையபடி.

கடைக்காரர் சொன்ன "கொக்கி" என்பது அந்த நீலப் பிளாஸ்டிக் கடி கிளிப்தான் என்று நினைக்கிறேன். வயரின் தோலைக் கடித்துப் பிடிக்கும் சாமான். குலுங்கும் ரோட்டில், ஈரத்தில், ஆறு மாதத்தில் பச்சை பூத்து ஒரு பக்கம் சத்தம் வந்து வந்து போகும். ஈயம் பற்ற வைத்து ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுங்கள். முடியாவிட்டால் நல்ல கிரிம்ப் (நசுக்கிப் பிடிக்கும் இணைப்பு) போதும்.

பசறை_பஃபிள்:

மேலே சொன்னவரோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் தவில் கேட்க வேண்டும் என்பவருக்கு அண்டர் சீட் மட்டும்தான் வழி என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அண்டர் சீட் சப் அடியைக் காட்டும், அதன் கனத்தைக் காட்டாது. டிக்கியில் இடம் கொடுக்க மனமிருந்தால் 10 இன்ச் மூடிய பெட்டி வேறு உலகம்.

அளவு சொல்கிறேன். உள்ளளவு 400 × 300 × 200 மி.மீ. என்றால் 24 லிட்டர். வூஃபரின் காந்தமும் கூடையும் ஒன்றரை, இரண்டு லிட்டர் பிடிக்கும், மிச்சம் 22. பெரும்பாலான 10 இன்ச் வூஃபருக்கு மூடிய பெட்டியில் 17 முதல் 28 லிட்டர் வரை ஒத்து வரும், எனினும் வாங்கும் வூஃபரின் தாளில் உள்ள எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 18 மி.மீ. பலகையில் வெளியளவு 436 × 336 × 236 வரும். வூஃபரின் ஆழம் 17 செ.மீ.க்கு மேல் போனால் பின்பலகையோடு மூச்சு முட்டும். வேகன் ஆரின் பின் சீட் முன்னும் பின்னும் தள்ளும் வகை என்பதால், சீட்டை ஒரு சாண் முன்னால் தள்ளினால் இந்தப் பெட்டி உட்காரும். போர்ட் (காற்றுக் குழாய்) வைத்த பெட்டி வேண்டாம். கேபின் ஏற்கெனவே கீழ்ச்சுருதியைத் தூக்கிக் கொடுக்கிறது, போர்ட்டும் சேர்ந்தால் எல்லாப் பாட்டும் ஒரே "பூம்" ஆகிவிடும்.

பலகை பற்றி. கொழும்பில் எம்டிஎஃப் (மரநார் அமுக்கிய பலகை) போடுகிறார்கள் என்று இங்கேயும் அதைப் போடாதீர்கள். நம் பக்கத்து ஈரத்தில், வெட்டிய விளிம்பு வழியாகத் தண்ணீர் உறிஞ்சி, மழை நனைந்த பிஸ்கட் மாதிரி ஊதும். ஊதினால் மூலை விடும், மூலை விட்டால் காற்று கசியும், மூடிய பெட்டியின் கதை அத்தோடு முடிந்தது. 18 மி.மீ. மரைன் பிளைவுட் எடுங்கள். எம்டிஎஃப்தான் கையில் இருக்கிறதென்றால், மரப் பசையில் பாதித் தண்ணீர் கலந்து விளிம்புகளுக்கு இரண்டு பூச்சு, காய்ந்ததும் உள்ளும் புறமும் வார்னிஷ். மூலைகளுக்கு உள்ளிருந்து சிலிக்கன் இழுத்து, வூஃபரைப் பொருத்துமுன் ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். காயாத சிலிக்கனின் புளித்த ஆவி வூஃபரின் வயர்களை அரிக்கும்.

கசிவு பார்க்க எளிய வழி: பொருத்தி முடித்ததும் கோனை இரண்டு கை விரல்களாலும் சமமாக, மெதுவாக உள்ளே அமுக்கி விடுங்கள். மெல்ல ஊர்ந்து திரும்பி வந்தால் பெட்டி இறுக்கம். சட்டென்று வந்தால் எங்கோ ஓட்டை.

15 கிலோ பெட்டியை டிக்கியில் சும்மா வைத்து ஓட்டாதீர்கள். ரம்பொடை வளைவில் அது பின் சீட்டைப் பெயர்க்கும். கட்டி வைக்க ஸ்குரூ ஏற்றுமுன், தரைத்தகட்டுக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று வண்டிக்கடியில் படுத்துப் பாருங்கள். பெற்றோல் டேங்கும் பிரேக் பைப்பும் அந்தப் பக்கம்தான்.

கொட்டகலை_660:

இரண்டு பேருக்கும் நன்றி. டிக்கியில் மரக்கறி, காஸ் சிலிண்டர் எல்லாம் ஏறும், ஆகவே சாரதி சீட்டுக்கு அண்டர் சீட் என்று முடிவு செய்கிறேன். வயர் செட் ஒன்று பார்த்தேன், "1500 வாட் 8 கேஜ்" என்று போட்டிருக்கிறது, விலை மலிவு. கடைக்காரர் அதுவும் வேண்டாம், வீட்டு வயரே போதும் என்கிறார். ஒரு கெபசிட்டரும் போடச் சொல்கிறார். வேலைக்கு முன் பெட்டரியைக் கழற்ற வேண்டுமா?

நானுஓயா_12வோல்ட்:

கெபசிட்டரை முதலில் முடிப்போம். 1 பாரட் கெபசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்கும்போது தரும் சக்தி வெறும் 26 ஜூல். 150 வாட் இழுக்கும் அம்புக்கு அது ஆறில் ஒரு நொடி. அந்தக் காசுக்கு நல்ல வயர் வாங்குங்கள்.

வீட்டு வயர் என்றால் 7/0.67, அதாவது 2.5 சதுர மி.மீ. பொனட்டிலிருந்து சீட் வரை 5 மீட்டர் ஓடி 15 அம்பியர் இழுத்தால் வழியிலேயே அரை வோல்ட் போய்விடும். சுத்தச் செம்பு 8 கேஜ், சுமார் 8.4 சதுர மி.மீ., அதே தூரத்தில் 0.15 வோல்ட்தான் சாப்பிடும். அரை வோல்ட் பெரிய விஷயமில்லை என்பார்கள். ஆனால் வீட்டு வயரில் ஏழே ஏழு தடித்த கம்பி. குலுங்கிக் குலுங்கி முனையில் ஒவ்வொன்றாக ஒடியும். அதன் தோலும் இன்ஜின் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் செய்தது இல்லை.

மலிவு "8 கேஜ்" செட்டுக்கு ஒரு சோதனை இருக்கிறது. முனையில் ஒரு இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டுங்கள். வெளியே செம்பு நிறம், சுரண்டினால் உள்ளே வெள்ளை என்றால் செம்பு முலாம் பூசிய அலுமினியம். வெளியே வெள்ளை, உள்ளே செம்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு, ஈரத்துக்கு அதுதான் உசத்தி. அலுமினியம் போட்டாலும் 15 அம்பியருக்கு ஓடும், கால் வோல்ட் சுற்று இழப்பு வரும். பிரச்சினை முனையில்தான். மழைத் தண்ணீர் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடி பூத்து, வளைய டெர்மினலில் பிடி தளர்ந்து சூடாகும். தோலின் தடிப்பையும் பாருங்கள். பென்சில் மொத்தம் இருக்கும், உள்ளே கம்பி தீக்குச்சி மொத்தம்.

மெயின் பியூஸ் பெட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். சப்பின் சொந்த பியூஸ் 15 என்றால் இங்கே 20 போதும். இந்த பியூஸ் சப்பைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. தகட்டு விளிம்பில் தோல் உரசி இரும்பில் பட்டால், பியூஸ் இல்லாத வயர் கார்பெட்டோடு எரியும்.

வயரை உள்ளே கொண்டுவர ஓட்டை போடாதீர்கள். பழைய வயரிங் கட்டு நுழையும் ரப்பர் புஷ் ஒன்று இருக்கும். அதன் ஓரத்தில் சின்னதாகக் கீறி, விறைப்பான கம்பியோடு டேப்பில் கட்டி இழுங்கள். வெளிப்பக்கம் வயர் புஷ்ஷுக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேறி நுழைய வேண்டும், பிறகு சிலிக்கன். தொங்கல் விடாமல் மேலிருந்து நேராக இறக்கினால், மழைத் தண்ணீர் வயரைப் பிடித்தே உள்ளே நடந்து வரும். ஒரு மழைக்காலம் முடிந்ததும் கார்பெட் நாறும்போதுதான் தெரியும். உள்ளே வந்த வயர் ஸ்டியரிங் தண்டிலும் பெடல் கைகளிலும் படாமல் ஓரமாக, கதவடிப் பிளாஸ்டிக்குக் கீழே போகட்டும். சிக்னல் வயரை நடு கொன்சோல் பக்கமாகக் கொண்டு வாருங்கள். இரண்டும் சந்தித்தே ஆக வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும்.

எர்த் வயரும் அதே 8 கேஜ், ஒன்றரை அடிக்குள். சீட் போல்ட், சீட் பெல்ட் போல்ட் இரண்டையும் தொடாதீர்கள். உயிரைப் பிடிக்கும் போல்ட்டுக்கு இடையில் டெர்மினல் வைத்தால் அதன் இறுக்கம் போய்விடும். கதவடியில் கம்பெனி எர்த் போல்ட் இருந்தால் அது, இல்லாவிட்டால் வண்டித் தகட்டில் பெயின்ட்டை பளபளக்கும் வரை சுரண்டி, பல் வைத்த வொஷர் போட்டு இறுக்கி, மேலே பெயின்ட் அல்லது கிரீஸ். பெட்டரி மைனஸ் முனைக்கு நேராக எர்த் இழுப்பதும் இந்த வண்டிகளில் சரியில்லை. முனையில் கரண்ட் சென்சர் உள்ள வண்டியில், சப் இழுப்பது கணக்கில் சேராமல் போகும், கம்ப்யூட்டருக்குப் பெட்டரியின் நிலைமை தப்பாகத் தெரியும்.

பெட்டரி தாங்குமா என்றால், தாங்கும். பாட்டு எந்நேரமும் 15 அம்பியர் இழுப்பதில்லை, சராசரி 3 முதல் 5 அம்பியர்தான். ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பே 4 அம்பியர் இழுக்கிறது. மூடுபனியில் லைட், வைப்பர், டிமிஸ்டர், புளோவர் எல்லாம் ஓடும்போது சப்தான் சின்னச் செலவு. ஐடில் ஸ்டாப் (வண்டி நிற்கும்போது இன்ஜின் தானாக அணைவது) கொஞ்சம் சீக்கிரம் முடிந்து இன்ஜின் எழும்பலாம், அது பழுது அல்ல. இன்ஜினை நிறுத்திவிட்டு அக்சஸரியில் மணிக்கணக்காகப் பாட்டுப் போட்டால்தான் மறுநாள் குளிரில் பெட்டரி முனகும்.

வேலைக்கு முன் மைனஸைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டுத் தொடங்குங்கள்.

ஹாலிஎல_நெவி:

கடைசி வரியில் நில்லுங்கள் அண்ணே. ஜப்பான் நெவிகேஷன் செட் உள்ள வண்டிகளில் கண்ணை மூடிக்கொண்டு பெட்டரி கழற்றக் கூடாது. சில செட் கரண்ட் போய்த் திரும்பியதும் ஒரு கோட் கேட்கும், சில மெப் மெமரி கார்ட் கேட்கும். கார்ட் தொலைந்த, கோட் தெரியாத ரீகண்டிஷன் வண்டி என்றால், சப் போடப் போய் பாட்டே இல்லாமல் நிற்பீர்கள். கேள்வி கேட்டவருடையது சாதாரண சிடி செட், அவருக்கு நேரமும் சேமித்த சேனலும் மட்டும் அழியும். ஆனால் இதை வாசிக்கும் மற்றவர்கள் முதலில் கார்ட்டும் கோட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நானுஓயா_12வோல்ட்:

நியாயம், தம்பி. அப்படிப்பட்ட செட் என்றால் இப்படிச் செய்யலாம்: சப் வயரின் மெயின் பியூஸை ஹோல்டரிலிருந்து எடுத்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மற்ற எல்லா வேலையையும் முடித்து, பெட்டரி பிளஸ் இணைப்பைக் கடைசியில் போட்டு, அதற்குப் பிறகு பியூஸைச் சொருகுவது. ஆனால் சீட்டைக் கழற்றினால் கதை வேறு. சீட்டுக்கடியில் மஞ்சள் சொக்கட் இருந்தால் அது எயார்பேக், பெல்ட் சம்பந்தப்பட்டது. அதைக் கழற்றுவதென்றால் பெட்டரியைக் கழற்றித்தான் ஆக வேண்டும், செட் லொக் ஆனாலும் சரி. மஞ்சள் சொக்கட்டைக் கழற்றி வைத்துவிட்டு சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் எயார்பேக் லைட் எரியும், அதைத் திரும்ப அணைக்க ஸ்கேனர் வேண்டும்.

ரிமோட் வயர் தேவைப்படும் சப் என்றால், பியூஸ் பெட்டியில் அக்சஸரியில் மட்டும் உயிர் வரும் ரேடியோ பியூஸிலிருந்து பியூஸ் டெப் (பியூஸ் இடத்தில் சொருகிக் கிளை எடுக்கும் சாமான்) வைத்து எடுங்கள். எந்நேரமும் உயிருள்ள லைனில் கட்டினால் மூன்று நாள் நிறுத்தி வைத்த வண்டி நாலாம் நாள் ஸ்டார்ட் ஆகாது.

பதுளை_தொப்பிச்சத்தம்:

எல்லாரும் வயரிலேயே நிற்கிறீர்கள். டியூனிங் சரியில்லை என்றால் இவ்வளவு வேலையும் வீண். கெயின் என்பது சத்தத் திருகி அல்ல. செட் அனுப்பும் சிக்னலுக்கும் அம்புக்கும் பொருத்தம் பார்க்கும் திருகி.

செட்டில் பேஸ், ட்ரெபிள் நடுவில், லவுட்னஸ் அணைத்து வையுங்கள். சப்பில் பேஸ் பூஸ்ட் சுழியம், லோ பாஸ் (இதற்கு மேலான சுருதியை வெட்டும் திருகி) 80 ஹேர்ட்ஸ், கெயின் அடியில். செட்டின் சத்தத்தை முக்கால் வரை கூட்டுங்கள். கதவு ஸ்பீக்கர் கரகரத்தால் கரகரப்பு போகும் வரை குறையுங்கள், அதுதான் உங்கள் உச்சம். இப்போது சப்பின் கெயினை மெல்ல ஏற்றி, அடி தட்டையாக, அட்டையில் அடித்த மாதிரி ஆகும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து கொஞ்சம் பின்வாங்குங்கள். தனி அம்ப், தனி வூஃபர் போடுகிறவர்களுக்கு மல்டிமீட்டர் வழி உண்டு. வூஃபரைக் கழற்றிவிட்டு 50 ஹேர்ட்ஸ் டோன் ஓடவிட்டு அம்ப் வாயில் ஏசி வோல்ட் பாருங்கள். 150 வாட், 4 ஓம் என்றால் 24.5 வோல்ட்டில் நிறுத்த வேண்டும் (வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம்).

ஃபேஸ் சுவிட்சைத்தான் யாரும் தொடுவதில்லை. 80 ஹேர்ட்ஸ் டோன் போட்டு, சாரதி சீட்டில் உட்கார்ந்து, இன்னொருவரை 0க்கும் 180க்கும் மாற்றச் சொல்லுங்கள். எதில் சத்தம் கூடுதலோ அதுதான் சரி. தப்பான பக்கத்தில் இருந்தால் சப்பும் கதவு ஸ்பீக்கரும் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். "சப் போட்டும் பேஸ் இல்லை" என்ற முறைப்பாட்டுக்கு அம்ப் மாற்றுமுன் இந்தச் சுவிட்சைப் பாருங்கள்.

காதுக்குச் சோதனை நம்மிடமே இருக்கிறது. தவிலில் தொப்பிப் பக்கம் குச்சி விழும் அடி குண்டாக வந்து உடனே நிற்க வேண்டும், இழுபடக் கூடாது. காமன் கூத்துத் தப்பு மேள ஒலிப்பதிவு ஒன்று போடுங்கள். தப்பு என்பது தோல் வெடிக்கும் சத்தம், அதன் உயிர் மேல்சுருதியில் இருக்கிறது. தப்பே சீட்டுக்கடியிலிருந்து "தொம் தொம்" என்று வந்தால் லோ பாஸ் உயரத்தில் நிற்கிறது, 70க்கு இறக்குங்கள். ஆண் குரல் பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தாலும் அதே மருந்து. சப் எங்கே இருக்கிறது என்று காது கண்டுபிடிக்காத வரைதான் அமைப்பு சரி.

எஃப்எம் வைத்து டியூன் செய்யாதீர்கள், லைட்டர் சொக்கட்டில் சொருகும் புளூடூத் டிரான்ஸ்மிட்டர் வைத்தும் வேண்டாம். சிடி அல்லது யூஎஸ்பி.

கொட்டகலை_660:

டிரான்ஸ்மிட்டர்தான் பாவிக்கிறேன். ஏற்றத்தில் இரண்டாம் கியர் அளவுக்கு இன்ஜின் கத்தும்போது கூடவே ஒரு விசில் ஏறுகிறது, சப் போடுமுன்பே. போட்டால் கூடுமா?

நானுஓயா_12வோல்ட்:

அந்த விசில் சப்பில் வராது, 80 ஹேர்ட்ஸில் வெட்டு விழுவதால் அதற்கு வழியில்லை. கதவு ஸ்பீக்கரில்தான் வரும். டிரான்ஸ்மிட்டரையும் போன் சார்ஜரையும் பிடுங்கிவிட்டு ஒரு சிடி போட்டு அதே ஏற்றம் ஏறுங்கள். விசில் போனால் குற்றவாளி சார்ஜர். போகாவிட்டால் செட்டின் எர்த்தைப் பாருங்கள்.

சப் போட்ட பிறகு கதவு ஸ்பீக்கரில் புதிதாக விசில் வந்தால் சப்பின் ஹை லெவல் சொக்கட்டை மட்டும் உருவுங்கள். நின்றால் சிக்னல் வயர் வழியாக வருகிறது, பவர் வயரிடமிருந்து தள்ளி ஓட்ட வேண்டும். சப்பில் கேட்கக்கூடிய சத்தம் வேறு: சிக்னல் லைட் போடும்போது "டக் டக்", வைப்பர் திரும்பும்போது ஒரு முனகல். அது எர்த். பாட்டு சத்தமாக ஓடும்போது சப்பின் எர்த் டெர்மினலுக்கும் பெட்டரி மைனஸுக்கும் இடையில் டிசி வோல்ட் அளந்து பாருங்கள். 0.1க்கு மேல் காட்டினால் அந்தப் போல்ட்டைக் கழற்றித் திரும்பச் சுரண்டுங்கள்.

இன்னொன்று. முதல் நாள் பின்னாலிருந்து ஒரு கரகரப்பு வரும், சப் கிழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பின் நம்பர் பிளேட்டைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். பத்தில் எட்டுக்கு அதுதான். பின்னால் நாலு மூலைக்கும் நுரை டேப் ஒட்டினால் தீர்ந்தது. மிச்சம் டிக்கிக் கதவின் உள் அட்டையாக இருக்கும்.

வெலிமடை_அக்குவா:

இதே வேலை டொயோட்டா அக்குவாவுக்கும் ஒத்து வருமா? சுருக்கமாகச் சொன்னால் போதும்.

ஹாலிஎல_நெவி:

ஒத்து வரும், ஒரு வகையில் சுலபம். அக்குவாவின் 12 வோல்ட் பெட்டரி பின் சீட்டுக்குக் கீழே இருப்பதால் பவர் வயர் நீளம் மிச்சம், ரப்பர் புஷ் தொல்லையும் இல்லை. ஆனால் பக்கத்திலேயே ஹைபிரிட் பெட்டரியும் இருக்கிறது. செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடாதீர்கள், அதன் பக்கம் ஸ்குரூவும் வேண்டாம். பின் சீட்டின் ஓரத்தில் ஹைபிரிட் பெட்டரிக்குக் காற்று உறிஞ்சும் துவாரம் இருக்கும், சப் பெட்டியோ கம்பளியோ அதை மூடக் கூடாது. பாட்டுக் கேட்பதென்றால் ரெடி லைட் எரிய வைத்துக் கேளுங்கள். அக்சஸரியில் கேட்டால் அந்தச் சின்ன 12 வோல்ட் பெட்டரிக்கு எங்கிருந்தும் சார்ஜ் வராது, அது இறங்கினால் ஹைபிரிட் பெட்டரி நிறைந்திருந்தும் வண்டி ரெடிக்கு வராது.

ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: உங்கள் ஹைபிரிட் பெட்டரி டிக்கித் தரைக்குக் கீழே. பசறைக்காரர் சொன்ன பெட்டியைப் பட்டியால் கட்டுங்கள், தரையில் ஒரு ஸ்குரூகூட வேண்டாம்.

கொட்டகலை_660:

15 அம்பியர் பியூஸ் உள்ள 8 இன்ச் அண்டர் சீட், வெள்ளீயம் பூசிய செம்பு 8 கேஜ் 6 மீட்டர், 20 அம்பியர் மெயின் பியூஸ், 20 பின் இடை வயர், எல்லாம் எழுதிக்கொண்டேன். சாரதி சீட்டுக்கடியில் ஆளை உட்கார வைத்து அளந்ததில் 9 செ.மீ. வருகிறது. 7.5 செ.மீ. சப் போகும்தானே?

நானுஓயா_12வோல்ட்:

போகும். கீழே பிரெக்கட் தகட்டின் தடிப்பையும் சேர்த்துப் பாருங்கள், மேலே அரை செ.மீ.யாவது காற்று போக விடுங்கள். சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போது ரெயில் வயரைக் கடிக்கக் கூடாது. கடைசியாக ஒரு முறை டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு பியூஸைச் சொருகுங்கள்.